வாத்தியார் நோட்ஸ் வெளியே வந்த கதை

ஓப்பன் கோர்ஸ்வேர் என்று சொன்னாலே நம்மாட்களுக்கு வீடியோதான் ஞாபகத்துக்கு வருது. யூட்யூப், என்.பி.டி.இ.எல். ஆரம்ப இசை, கேமரா முன்னாடி ஒரு பேராசிரியர், ஒன்றரை மடங்கு வேகம், விடிஞ்சா பரீட்சை. ஆனால் இந்தக் கதை வீடியோவில் ஆரம்பிக்கவே இல்லை. காகிதத்தில் ஆரம்பித்தது. வாத்தியார் வகுப்புக்கு எழுதி வைத்திருந்த குறிப்பு, வீட்டுக் கணக்கு, போன வருஷக் கேள்வித்தாள், எந்த வாரம் எதை நடத்துவோம் என்கிற அட்டவணை, இதையெல்லாம்தான் முதலில் வெளியே வைத்தார்கள். வைக்கச் சொல்லி வாத்தியார்களைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய வேலை. டெக்னாலஜி எல்லாம் அப்புறம்.

அந்தச் சம்மதத்தை எப்படி வாங்கினார்கள், நம்ம ஊரில் ஏன் இன்னும் யாரும் கேட்கக்கூட இல்லை என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

முதலில் ஒரு விஷயம். கீழே எம்.ஐ.டி. என்று வரும் இடமெல்லாம் சுஜாதாவும் கலாமும் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. (குரோம்பேட்டைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.)

1999. டாட்காம் காய்ச்சல் உச்சத்தில் இருந்த நேரம். நாய்க்கு பிஸ்கட் விற்கிறவன்கூட வெப்சைட் போட்டுக் கோடீஸ்வரன் ஆகிறான், நாம ஏன் பாடத்தை விற்கக் கூடாது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் கணக்குப் போட்டன. கொலம்பியா பல்கலைக்கழகம் 2000ல் 'ஃபாதம்' என்று ஒரு கம்பெனியையே ஆரம்பித்தது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், பிரிட்டிஷ் நூலகம், சிகாகோ பல்கலைக்கழகம் எல்லாம் கூட்டு. நியூயார்க் பல்கலைக்கழகமும் தனியாக ஒரு கடை போட்டது. ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்டான்ஃபோர்டு, யேல் மூன்றும் சேர்ந்து இன்னொன்று.

எம்.ஐ.டி.யும் அதே கணக்கைத்தான் போட்டது. அங்கே கல்வி நிர்வாகத்தைக் கவனித்த ராபர்ட் பிரவுன், இணையத்தில் நாம என்ன செய்யலாம் என்று யோசித்துச் சொல்ல ஒரு குழுவிடம் கேட்டார். அந்த வேலையில் தலைமையாக இருந்தவர் டிக் யூ, கடல் பொறியியல் பேராசிரியர். கூடவே கம்ப்யூட்டர்காரர் ஹால் ஏபல்சன், மொழியியல்காரர் ஷிகெரு மியாகாவா போன்றவர்கள். 2000ஆம் ஆண்டு முழுக்க உட்கார்ந்து விதவிதமான பிசினஸ் பிளான் போட்டுப் பார்த்தார்கள். எதைப் போட்டாலும் லாபம் வருகிற மாதிரி தெரியவில்லை. காசு வராது என்று ஆனபிறகு, அப்படியென்றால் சும்மாவே கொடுத்துவிடலாமே என்றார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பெரிய தர்ம சிந்தனையில் ஆரம்பித்ததாக இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையில் ஒரு எக்செல் ஷீட் ஒத்துவராததில் ஆரம்பித்தது :-)

தப்பாகச் சொல்லவில்லை. காசு வராது என்று தெரிந்ததும் மற்றவர்கள் கடையை மூடினார்கள். நியூயார்க் பல்கலை 2001லேயே, கொலம்பியா 2003ல், அந்த மூவர் கூட்டணி 2006ல். எம்.ஐ.டி. மட்டும் அதே விடையை வைத்துக்கொண்டு வேறு கேள்வி கேட்டது. அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். தலைவராக இருந்த சார்ல்ஸ் வெஸ்ட் உடனே பிடித்துக்கொண்டார். 2001 ஏப்ரல் 4ஆம் தேதி அறிவிப்பு வந்தது, நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில். பத்து வருஷம் ஆகும், பத்து கோடி டாலர் வரை செலவாகலாம், ஏறக்குறைய எல்லாப் பாடங்களும் இலவசம் என்று. ஹ்யூலெட், மெலன் என்ற இரண்டு அறக்கட்டளைகள் முதல் கட்டத்துக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்தன.

இதிலிருந்துதான் நம்ம விஷயம் ஆரம்பம். தலைவர் பேப்பரில் அறிவித்துவிட்டார், நோட்ஸ் இருப்பதோ வாத்தியார் மேஜை டிராயரில். அதைக் கேட்டு வாங்க வேண்டும். எம்.ஐ.டி. அதைக் கட்டாயம் ஆக்கவில்லை. விருப்பப்பட்டவர் கொடுக்கலாம். அறிவிப்புக்கு முன்னாலேயே துறை துறையாகப் போய்ப் பேசினார்கள். வந்த சந்தேகங்கள் எல்லாம் உங்களுக்கும் எனக்கும் தோன்றுகிற அதே சந்தேகங்கள்தான். எல்லாத்தையும் வெளியே வெச்சா லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டி யார் இங்க வருவாங்க? என் புத்தகம் விற்குமா? என் குறிப்பில் தப்பு இருந்தால் உலகமே சிரிக்காதா? எனக்கு இருக்கிற வேலையில் இதை யார் டைப் அடிப்பது?

அவர்கள் கொடுத்த பதில்களை ஒரு சாஃப்ட்வேர்காரனாக நான் ரசிக்கிறேன். முதலில் உரிமை. நோட்ஸின் காப்புரிமை பெரும்பாலும் வாத்தியாரிடமே இருக்கும், கல்லூரி பிடுங்கிக்கொள்ளாது. வெளியிட ஒரு அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். இரண்டாவது, வேலை. துறைக்கு ஆள் போட்டார்கள். அவர் வந்து கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு போவார். டைப் அடிக்க வேண்டாம், அழகாக்க வேண்டாம். கையெழுத்தில் இருந்தால் கையெழுத்திலேயே ஸ்கேன். இன்றைக்கும் அந்தத் தளத்தில் பழைய பாடங்களைத் திறந்தால் பென்சிலில் கிறுக்கிய பக்கங்கள் அப்படியே கிடக்கும். மூன்றாவது, இது எம்.ஐ.டி. டிகிரி கிடையாது என்று ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொன்னது. சான்றிதழ் இல்லை, வாத்தியாரைத் தொடர்புகொள்ளும் வசதி இல்லை. ஃபீஸ் கட்டுகிறவன் வாத்தியாருக்கும் கூடப் படிக்கிற பசங்களுக்கும் ஆய்வகத்துக்கும்தான் கட்டுகிறான், காகிதத்துக்கு இல்லை என்ற வாதம். அந்த வாதம் ஜெயித்தது.

இதில் யாரும் எதிர்பார்க்காத தலைவலி ஒன்று வந்தது. வகுப்பில் மாட்டுகிற ஸ்லைடில் வாத்தியார் எங்கிருந்தோ ஒரு படத்தை வெட்டி ஒட்டியிருப்பார். வகுப்புக்குள் அது பிரச்சினையில்லை. உலகத்துக்கு வைக்கும்போது அது இன்னொரு பதிப்பகத்தின் சொத்து. ஒவ்வொரு படத்தையும் பார்த்து, அனுமதி வாங்கு, இல்லாவிட்டால் புதிதாக வரை, இல்லாவிட்டால் தூக்கு. இதற்கே ஒரு டீம் வேலை பார்த்தது. அதனால்தான் பழைய பாடங்களில் அங்கங்கே, காப்புரிமைக் காரணமாகப் படம் நீக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்கும். ஒரு பாடத்தை வெளியிட 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆனது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வீடியோ இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. அதனால் ஆரம்பத்தில் முழு வீடியோ இருந்த பாடங்கள் ரொம்பக் கொஞ்சம்.

2002 செப்டம்பரில் சில டஜன் பாடங்களோடு சோதனைத் தளம் வந்தது. 2003ல் 500. 2007 நவம்பரில் 1,800. ஏறக்குறைய மொத்தப் பாடத்திட்டமும் வெளியே. பத்து வருஷம் என்று சொன்னதை ஆறரை வருஷத்தில் முடித்துவிட்டார்கள். (நம்ம பிராஜெக்ட் மேனேஜர்கள் யாராவது படிக்கிறீங்களா?) இப்போது 2,500க்கு மேல் இருக்கிறது.

அதே சமயத்தில் அந்தப் பக்கம் உரிமத்துக்கும் ஒரு வழி பிறந்தது. 1998லேயே டேவிட் வைலி என்பவர் ஓப்பன் சோர்ஸ் மாதிரி ஓப்பன் கன்டென்ட் என்று ஒரு பேரும் உரிமமும் போட்டிருந்தார். 2001ல் கிரியேட்டிவ் காமன்ஸ் தொடங்கியது, அதன் ஆரம்பகால ஆட்களில் நம்ம ஏபல்சனும் ஒருத்தர். 2002 டிசம்பரில் அவர்களுடைய முதல் உரிமங்கள் வந்தன. எம்.ஐ.டி. எடுத்துக்கொண்டது: பேர் போடு, விற்காதே, மாற்றினால் அதே உரிமத்தில் வெளியே விடு. மூணே விதி. இந்த உரிமம் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு கதை சொல்கிறேன்.

முதல் கதை தைவான். அங்கே லூசிஃபர் சூ என்று ஒரு மொழிபெயர்ப்பாளர். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைச் சீன மொழிக்குக் கொண்டுவந்தவர். படம் வந்த நேரம், புத்தகம் பிச்சுக்கிட்டுப் போனது, ராயல்டி கொட்டியது. மனிதர் அந்தக் காசைக் கொண்டுவந்து 2004ல் 'ஊப்ஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கினார். வேலை என்ன? எம்.ஐ.டி. பாடங்களைத் தன்னார்வலர்களை வைத்துச் சீனத்தில் மொழிபெயர்ப்பது. அவர் எம்.ஐ.டி. ஊழியர் இல்லை, பேராசிரியரும் இல்லை. ஹாபிட்டும் டிராகனும் கொடுத்த காசில் தெர்மோடைனமிக்ஸ்! மாற்றலாம், மொழிபெயர்க்கலாம் என்று உரிமம் முன்கூட்டியே சொல்லிவிட்டதால்தான் இது நடந்தது.

இரண்டாவது கதை கசப்பானது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வருஷக்கணக்காக வகுப்புகளைப் பதிவு செய்து பொதுவில் வைத்திருந்தது. காது கேளாதவர்கள் பார்க்க கேப்ஷன் சரியாக இல்லை என்று புகார் போனது. நியாயமான புகார்தான். 2016ல் அமெரிக்க நீதித்துறை சரிசெய்யச் சொன்னது. பெர்க்லி செலவைப் பார்த்தது, 2017 மார்ச்சில் 20,000க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. கேப்ஷன் கேட்டவருக்கும் கிடைக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் போச்சு. அவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்ததால் ஒரு கம்பெனி அதற்குள் எல்லாவற்றையும் நகல் எடுத்து வேறு இடத்தில் வைத்தது. ஒரே சர்வரில் இருக்கிற இலவசத்தை நம்பாதே என்று நான் இதை எடுத்துக்கொண்டேன்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். எம்.ஐ.டி.யைப் பார்த்து இந்தியா காப்பி அடித்தது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். ஆட்களும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் 1999லிருந்தே பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே பிரச்சினையே வேறு. எம்.ஐ.டி.க்குத் தன்னிடம் இருப்பதை என்ன செய்வது என்ற கேள்வி. இங்கே தெருவுக்கு ஒரு பொறியியல் கல்லூரி முளைத்துக்கொண்டிருந்தது, நடத்த ஆள் இல்லை. போன வருஷம் பி.இ. முடித்தவர் இந்த வருஷம் லெக்சரர். அந்த ஓட்டையை அடைக்கத்தான் என்.பி.டி.இ.எல்.

ஐந்து ஐ.ஐ.டி.யும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து கொடுத்த திட்டம்: 100 பாடம் வெப்சைட்டில் எழுத்து வடிவில், 100 பாடம் வீடியோவில், ஒவ்வொன்றும் 40 மணி நேரம். பின்னால் குவாஹாட்டியும் ரூர்க்கியும் சேர்ந்தன. மத்திய அரசு பணம் கொடுத்து 2003ல் வேலை தொடங்கியது. இதில் முன்னணியில் நின்றவர் அப்போது சென்னை ஐ.ஐ.டி. இயக்குநராக இருந்த எம்.எஸ். ஆனந்த். அந்த வகையில் இது பெரும்பகுதி கிண்டி-அடையாறு ஏரியா சமாச்சாரம். அதே 2003 ஜனவரி 26ல் 'ஏகலவ்யா' என்று ஒரு தொழில்நுட்ப சேனலும் வந்தது, ஐ.ஐ.டி. பாடங்கள் டிவியில் ஓடின. குருவே கிடைக்காமல் கற்று, கடைசியில் கட்டைவிரலையும் கொடுத்தவன் பேரை வைக்க யாருக்குத் தோன்றியதோ!

2007க்குள் முதல் கட்டம் முடிந்து இருநூறுக்கும் மேல் பாடங்கள். நெட் வசதி இல்லாத கல்லூரிகளுக்கு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி. பிறகு யூட்யூப். 2014 மார்ச்சில் சான்றிதழ் தேர்வு தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, அதற்கப்புறம் ஹாஸ்டலில் படுத்துக்கொண்டே ஐ.ஐ.டி. வகுப்பு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன், என் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் முழுக்க அந்த வீடியோக்கள் போட்ட பிச்சை. நன்றி மறக்கக் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 100 எழுத்துப் பாடம், 100 வீடியோ என்றுதானே ஆரம்பித்தார்கள்? அந்த எழுத்துப் பாடங்களை இன்று எனக்குத் தெரிந்து யாரும் தேடுவதில்லை. வீடியோதான் என்.பி.டி.இ.எல். என்று ஆகிவிட்டது. அதனால் வந்த விளைவு என்ன தெரியுமா? பாடத்தை வெளியே வைப்பது என்றால் ஸ்டூடியோ வேண்டும், கேமரா வேண்டும், அரசுப் பணம் வேண்டும், ஐ.ஐ.டி. பேராசிரியராக இருக்க வேண்டும் என்று நம்ம ஊர் வாத்தியார்கள் மனதில் பதிந்துபோனது. நாம பார்க்கிற ஆள், வைக்கிற ஆள் இல்லை என்று.

உலகத்திலும் இதே மாதிரி ஒரு சறுக்கல் நடந்தது. 2011ல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் சேர்ந்ததும் மறுபடி டாட்காம் காய்ச்சல். 2012ல் கோர்செரா வந்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டு எட்எக்ஸ் தொடங்கின. 2021ல் எட்எக்ஸை 80 கோடி டாலருக்கு ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். அந்தக் கம்பெனி 2024ல் திவால் மனு கொடுத்தது. 2000ல் போட்டுப் பார்த்து ஒத்துவராத அதே எக்செல் ஷீட்! பென்சில் கிறுக்கல் ஸ்கேன் மட்டும் இன்னமும் அங்கேயே இலவசமாகக் கிடக்கிறது. கில்பர்ட் ஸ்ட்ராங் லீனியர் அல்ஜீப்ரா நடத்தியதை உலகம் முழுக்கக் கோடிப் பேருக்கு மேல் வந்து பார்த்திருக்கிறார்கள். 2023 மே மாதம் 88 வயதில் கடைசி வகுப்பு எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். கையில் சாக்பீஸ், அவ்வளவுதான்.

அதற்காக ஸ்ட்ராங் மாதிரி இருந்தால்தான் முடியும் என்று இல்லை. டெக்சாஸில் லாமார் பல்கலைக்கழகம் என்று ஒன்று. நம்மில் பலர் பேர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அங்கே பால் டாக்கின்ஸ் என்று ஒரு கணித வாத்தியார். 2003 வாக்கில் தன் மாணவர்களுக்காக எழுதிய கால்குலஸ் நோட்ஸை ஒரு சாதாரண வெப்சைட்டில் வைத்தார். ஸ்டூடியோ கிடையாது, அறக்கட்டளை கிடையாது. இன்றைக்கு உலகத்தில் எந்த ஊரில் பொறியியல் முதல் வருஷம் படிப்பவனும் கூகுளில் இன்டக்ரேஷன் என்று தட்டினால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பான். அந்த நோட்ஸ் முன்னுரையில் அவர் சொல்வது ரொம்ப நேர்மை: இது வகுப்புக்கு மாற்று இல்லை, வகுப்பில் வேறு கணக்குகள் போடுவேன், மாணவர் கேட்கும் கேள்வியைப் பொறுத்து வகுப்பு வேறு பக்கம் போகும், இதை மட்டும் நம்பி வராமல் இருந்தால் மாட்டிக்கொள்வாய். வகுப்புக்கு எவன் வருவான் என்று பயப்படுகிற எல்லா வாத்தியாருக்கும் இந்த ஒரு பக்கத்தை அச்சடித்துக் கொடுக்கலாம்.

இப்போது தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2001லிருந்து பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். (நடுவில் நாலைந்தாகப் பிரித்து மறுபடி ஒட்டிய கூத்து தனி.) பாலிடெக்னிக்குகளுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. அதாவது ஒரே செமஸ்டரில், ஒரே பாடத்தின் ஒரே யூனிட்டுக்கு, நூற்றுக்கணக்கான வாத்தியார்கள் தனித்தனியாக நோட்ஸ் எழுதுகிறார்கள். ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. எம்.ஐ.டி. நோட்ஸைக் கொண்டுவந்தால் சிலபஸுக்கு வளைக்க வேண்டும். இங்கே ஒருத்தர் வைத்தால் மற்றவர்களுக்கு அப்படியே பொருந்தும். இவ்வளவு வசதி உலகத்தில் எத்தனை இடத்தில் இருக்கும்? அதை நாம் என்ன செய்தோம்? காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடைக்கும் லோக்கல் ஆத்தர் கைடுக்கும் விட்டுக்கொடுத்தோம்.

2020 லாக்டவுனில் எல்லா வாத்தியாரும் நோட்ஸை பி.டி.எஃப். ஆக்கினார்கள். செல்ஃபோனை ஸ்டூலில் சாய்த்து வைத்து வகுப்பு எடுத்தார்கள். நம்ம சரித்திரத்திலேயே இவ்வளவு பாடம் டிஜிட்டலாக உருவானது அப்போதுதான் இருக்கும். எல்லாம் வாட்ஸப் குரூப்பிலும் கூகுள் கிளாஸ்ரூமிலும் போய்ப் பூட்டிக்கொண்டது. அந்த பேட்ச் முடிந்தது, குரூப் செத்தது.

என் சித்தப்பா பாலிடெக்னிக் வாத்தியார். முப்பது வருஷம் ஆகப் போகிறது, வரும் மே மாதம் ரிட்டையர்மென்ட். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் அவர் பாடம். நாலு லாங் சைஸ் நோட்டு வைத்திருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது கேட்டேன்.

"சித்தப்பா, அந்த நோட்ட குடுங்க, ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டுர்றேன்."

"போடா, ஐ.ஐ.டி.காரன் போட்டு வெச்சிருக்கான்ல, அதுக்கு மேல நான் என்னத்தப் போட?"

"நீங்க போட்டதுதான் அதுல இல்ல, குடுங்க."

பிடிவாதமாகப் புரட்டிப் பார்த்தேன். பீமை விளக்க, பரண் பலகையில் அரிசி மூட்டை வைத்தால் நடுவில் தொய்வது போல ஒரு படம். தொய்ந்தால் பாசிட்டிவ், மேலே முதுகு தூக்கினால் நெகட்டிவ். பக்கத்தில் சிவப்பு மையில், 'இங்கே பாதிப் பேர் குறி மாற்றிப் போடுவான், இரண்டு தடவை சொல்' என்று தனக்குத்தானே எழுதியிருக்கிறார். இன்னொரு இடத்தில், 'லேட்டாகச் சேர்ந்தவனுக்கு முதலில் திருப்புத்திறனைத் திரும்ப நடத்து'. தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டு வருகிற பையன் எந்த வரியில் தடுக்கி விழுவான் என்று முப்பது பேட்ச் பார்த்து எழுதிய நோட்டு அது. நாற்பது மணி நேர வீடியோவில் இது கிடைக்காது. வீடியோ எடுத்தவர் முன்னால் அந்தப் பையன் உட்கார்ந்ததே இல்லை.

சித்தப்பாவின் தயக்கங்களைக் கேட்டேன். 2000ல் எம்.ஐ.டி.யில் எழுந்த அதே பட்டியல், ஒன்று கூடுதல். "தப்பு கண்டுபிடிச்சு எவனாவது ஃபோட்டோ எடுத்து மீம் போட்டா?" அப்புறம், "நோட்ஸ் போட்டதுக்கு எவன்டா இன்க்ரிமென்ட் குடுப்பான்?" இது நியாயமான கேள்வி. யு.ஜி.சி. 2018ல் கொண்டுவந்த விதிகளில் மின்பாடம் தயாரித்தால் மதிப்பெண் உண்டு. ஆனால் அது வீடியோ, எழுத்து, தேர்வு, விவாதம் என்று நான்கு பகுதி கொண்ட பாடமாகவோ அதன் ஒரு பகுதியாகவோ இருக்க வேண்டும். நாலு நோட்டை ஸ்கேன் பண்ணி வைத்தவருக்கு அதில் இடம் இல்லை. எம்.ஐ.டி. செய்த ஒரு காரியம், வாங்கிக்கொண்டு போக ஆள் அனுப்பியது, இங்கே எந்த விதியிலும் இல்லை. கல்லூரிக்கு ஒரே ஒரு ஆள், ஒரு ஸ்கேனர், படத்தைத் திரும்ப வரையத் தெரிந்த ரெண்டு மாணவர்கள் இருந்தால் நடக்கிற வேலை. நாக் கமிட்டி வரும்போது வாசலில் போடுகிற கோலத்துக்கே இதைவிட அதிக செலவு.

கல்லூரி செய்யும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி. நம்மில் ஏகப்பட்ட பேர் வீட்டில் ஒரு வாத்தியார் இருக்கிறார். டெக்னாலஜி நமக்குத் தெரியும். அவருக்கு வாங்கிக்கொண்டு போகிற அந்த ஆள் நாம்தான். 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம் தொடங்கியபோது லோசான்னில் உட்கார்ந்திருந்த கல்யாணசுந்தரமும் தன்னார்வலர்களும் சங்க இலக்கியத்தையே தட்டச்சு செய்து ஏற்றினார்கள். நமக்கு ஃபோன் கேமராவே போதும்.

செய்வதாக இருந்தால் என் அனுபவத்தில் சில விஷயம். டைப் அடிக்க உட்காராதீங்க, முடியாது. கையெழுத்திலேயே போடுங்க, ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப் பண்ணி வையுங்க, இல்லாவிட்டால் கூகுளுக்குத் தெரியாது, அதைவிட முக்கியம், கண் தெரியாத மாணவருக்கு எதுவுமே கேட்காது. புத்தகத்திலிருந்து ஒட்டிய படங்களை எடுத்துவிட்டுத் திரும்ப வரையுங்க. உரிமம் ஒரு வரி எழுதுங்க, அது இல்லாமல் போட்டால் நாளைக்கு ஒருத்தர் நல்ல மனதோடு மொழிபெயர்க்க நினைத்தாலும் பயப்படுவார். ரெண்டு இடத்தில் வையுங்க, பெர்க்லியை மறக்காமல். வாத்தியார் ஓரத்தில் தனக்கு எழுதிக்கொண்ட சிவப்பு மைக் குறிப்பை மட்டும் தயவுசெய்து சுத்தம் பண்ணிடாதீங்க.

சித்தப்பா இதுவரைக்கும் ஒரே ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார், அதுவும் சித்தி சிபாரிசில். முதல் யூனிட் 46 பக்கம் ஸ்கேன் ஆகிவிட்டது. அதில் 11 படம் புத்தகத்து நகல், அதை வரைந்துகொண்டிருக்கிறேன், ஷியர் ஃபோர்ஸ் படத்தில் கோடு நேராக வருவதற்குள் உயிர் போகிறது. அவர் வைத்த கண்டிஷன் ஒன்றுதான். முதல் பக்கத்தில் பேருக்குக் கீழே, 'பிழை இருந்தால் பக்க எண்ணுடன் எழுதவும்' என்று பெரிதாகப் போட வேண்டுமாம். பக்க எண் இல்லாமல் வருவதை அவர் படிக்க மாட்டாராம்.